செவ்வாய்க்கிழமைச் சுருமா

அகமது மீரான் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது மட்டும்தான் கண்ணுக்குச் சுருமா போடுவார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மனைவி ஜமீலா பீவி அடுக்களையில் இட்லி எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அலமாரியிலிருந்து பித்தளைக் குப்பியை எடுத்துக் குச்சியால் இரண்டு கண்ணுக்கும் இழுத்தார். வலது கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெருவில் பலவேசம் குளித்துத் திருநீறு பூசி, பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

பலவேசம் ஏரலில் வாழைக்காய் மண்டியில் தார் சுமக்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே சீக்கு. சர்க்கரை முற்றி விழித்திரையில் நீர் கோத்துவிட்டது. எதிரே நிற்கிறவனின் காதும் தோளும் தெரியும், மூஞ்சி இருக்கிற இடம் மட்டும் தண்ணீர் பட்ட எழுத்தாகக் கலங்கும். அதற்கு மருந்து, கண்ணுக்குள்ளேயே போடுகிற ஊசி. விட்டுவிட்டால் நடுப்பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீரான் போன வருஷத்திலிருந்து போட்டு வருகிறார். பலவேசத்துக்கு எழுதிக் கொடுத்தபோது, கண் போனால் போகட்டும், அதற்குள் ஊசி ஏற்ற விடமாட்டேன் என்று அவன் மண்டிக்குக் கிளம்பிவிட்டான். அவன் பெண்டாட்டி அன்னத்தாய் ஜமீலாவிடம் வந்து அழுதுவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே மீரான் டீக்கடையில் நாலு பேர் கேட்க, அது வெறும் கொசுக்கடி என்று சொன்னார். சவூதியில், தம்மாமில் டவர் கிரேன் ஓட்டியவர். அந்தரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்கிறவன் கை நீட்டிய இடத்தில் இரும்புக் கட்டை இறக்கியவர். அவர் சொன்னால் ஊர் நம்பும். பலவேசமும் நம்பினான். பாய் கூட வந்தால் வருகிறேன் என்றான்.

மீரான் சொன்னது பொய். மரத்துப்போவதற்குச் சொட்டு மருந்து விடுவார்கள். அது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவருக்குக் கேட்பதில்லை. அதன் பிறகு விடுகிற பழுப்பு மருந்து மிளகாயாக எரியும். இமையைக் கம்பியால் விரித்து மாட்டிவிடுவார்கள், மூடவும் முடியாது. வேலை செய்த காலமெல்லாம் அவர் மேலே இருந்தார், கீழே நின்றவர்கள் அவரை நம்பி நின்றார்கள். இங்கே அவர் கீழே கிடந்தார், பாரம் அவர்மேல் இறங்கியது. போன தடவை ஊசி இறங்கியபோது பல்லைக் கடித்ததில் கடைவாய்ப்பல் ஓரம் உடைந்தது. வீட்டில் முறுக்கு கடித்ததாகச் சொல்லிக்கொண்டார்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டி இரண்டு பேரையும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார வைத்தார்கள். துணைக்கு வந்த ஜமீலா வராந்தாவில் இருந்தாள். சிஸ்டர் மீரானின் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். மை, சுருமா எதுவும் கூடாது என்று போன தடவையே சொல்லியிருந்தது, இதோடு ஊசி போட்டால் கண்ணுக்குள் கிருமி போகும், இன்றைக்கு முடியாது, அடுத்த வாரம் வாருங்கள் என்றாள். மீரான் வருத்தமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவர் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தார்.

யோசிக்காதது பலவேசத்தை. அவன் எழுந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நீ எங்கலே போற? உனக்குத்தான் இன்னைக்கு."

"நீரு இல்லாம நான் போடமாட்டேன் பாய். அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரம் இவன் வரமாட்டான். மீரானுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. தனக்குள் அடுத்த வாரமும் ஒரு சுருமாக் குப்பி இருப்பதும் தெரிந்தது. பிறகு எழுந்து போய்ச் சிஸ்டரிடம், மகள் வயசுப் பெண்ணிடம், கெஞ்சினார். சுத்தமாகத் துடைத்து, டாக்டர் பார்த்துச் சரி என்றால் கடைசி ஆளாக எடுப்போம் என்று உப்புத்தண்ணீரும் பஞ்சும் கொடுத்தாள்.

துடைத்தது ஜமீலா. வராந்தா பெஞ்சில் அவர் முகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இமை ஓரத்தில் அழுத்தி இழுத்தாள். பஞ்சு மாற்ற மாற்றக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது.

"இன்னைக்குச் செவ்வாக்கிழமைலா," என்றாள்.

மீரான் மறு கண்ணைக் காட்டினார்.

"முறுக்குல பல்லு உடைஞ்சதுன்னு சொன்னீங்க. நம்ம வீட்டுல முறுக்கே கெடையாது." பஞ்சை மாற்றினாள். "அம்புட்டு வலிக்கா?"

"ஆமா."

"சரி. மேல பாருங்க."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மீரான் திரும்பி வந்து பலவேசம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏலே, நான் சொன்னது பொய்யி. கொசுக்கடியெல்லாம் கெடையாது. நல்லா வலிக்கும். நான் போடாம ஓடத்தான் சுருமா போட்டேன்."

பலவேசம் அவரையே பார்த்தான். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்."

"இப்ப?"

அவன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீரு மொதல்ல போம். கத்துதீரான்னு கேக்கேன்."

மீரான் உள்ளே போய்ப் படுத்தார். எரிந்தது. கம்பி விரித்தது. காலைப் பாருங்கள் என்றார் டாக்டர். பார்த்தார். ஊசி இறங்கியபோது இந்தத் தடவை பல்லைக் கடிக்கவில்லை. யா அல்லாஹ் என்று வாய்விட்டுக் கத்தினார். கதவுக்கு வெளியே கேட்டிருக்கும். தலையை மட்டும் இம்மியும் அசைக்கவில்லை. எத்தனை விரல் என்று கேட்டார்கள், சொன்னார். சிஸ்டர் நீட்டிய கையைப் பிடிக்காமல் தானே நடந்து வெளியே வந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"கத்துனீரு," என்றான் பலவேசம்.

"கத்துனேன்."

"ரொம்ப நேரம் கத்தல."

"இல்ல. ரொம்ப நேரம் இல்ல."

பலவேசம் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. மீரான் கை இரண்டையும் தொடைமேல் வைத்து, லீவர் பிடித்தவர் மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து ஒரு கெட்டவார்த்தை வந்தது, ஏரல் மண்டியில் மட்டும் புழங்குகிறது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் கறுப்புக் கண்ணாடி. ஜமீலா முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். என்னவே ரெண்டு பேரும் ஜோடியா என்று கண்டக்டர் கேட்க, கண்ணுக்குள் ஊசி போட்டு வருகிறோம் என்றான் பலவேசம். கண்டக்டர் முகத்தைச் சுளித்தார்.

"எறும்புக்கடி மாதிரிதான் அண்ணாச்சி," என்றான் பலவேசம், பின் சீட்டு வரைக்கும் கேட்கும்படி. "எங்க பாய்ட்ட கேளும்."

மீரான் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஜமீலா ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

மருந்தோடு உள்ளே போன காற்றுக்குமிழி வலது கண்ணின் அடியில் கறுப்பு உருண்டையாகத் தொங்கியது. தலையை அசைத்தால் அதுவும் ஆடியது, கயிற்றின் முனையில் கிரேன் கொக்கி ஆடுகிற மாதிரி. ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் ஆற்றைத் தாண்டியபோது மீரான் கண்ணாடியைக் கழற்றினார். கழுத்தைப் பைய, மிகப் பையத் திருப்பி, ஆட்டம் நிற்கிற வரைக்கும் காத்திருந்து, அந்த உருண்டையைத் தாமிரபரணித் தண்ணீரின்மேல் அலுங்காமல் இறக்கினார்.