கவுன் மடிப்பில் முந்நூறு கிராம்

அன்று அழுதது அம்சவள்ளியா, தானா என்று அமலாவுக்கு இப்போது உறுதியாகச் சொல்ல வரவில்லை. மார்கழி பிறந்துவிட்டதா என்பதிலும் சந்தேகம்தான். பனி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி உள்ளே போகும் மண்பாதையில், புளியமரக் கிளையில் தொங்கு தராசை மாட்டியபோது கொக்கி விரலில் சில்லிட்டது.

அமலா திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவள். வியாழக்கிழமை விடுப்பு. அன்றைக்குத் தன் கிறிஸ்தவ சபையின் சார்பில் இந்தக் காலனிக்கு வந்து கைப்பிள்ளைகளுக்கு எடை பார்ப்பாள், சத்துமாவு கொடுப்பாள். சம்பளம் கிடையாது. பதினாலு மாதத்து வெண்ணிலாதான் அவளுடைய பெரிய கவலை. ஆறு கிலோ நூறு கிராமிலேயே நின்ற குழந்தை. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகவேண்டும் என்று தாய் அம்சவள்ளியிடம் சொன்ன மறுவாரம், எடை நூறு கிராம் ஏறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று அமலா அதைக் கர்த்தர் செய்த அற்புதத்துக்குச் சாட்சியாகவே சொன்னாள். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது. குழந்தையின் கையில் சுற்றி மெலிவை அளக்கும் நாடா மட்டும் ஆபத்தைக் காட்டும் சிவப்பிலேயே நின்றது. நாடா பழசாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடுப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிறுக்கவேண்டும். "பனியா இருக்குதுக்கா, கவுனோடயே தூக்கு" என்று அம்சவள்ளி சொன்னதற்கும் தலையாட்டியிருந்தாள்.

அன்று முள் ஆறு முந்நூறைக் காட்டியது. தராசில் தொங்கிய தூளியிலிருந்து குழந்தையை எடுக்கும்போது கவுனின் ஓரம் அவள் மணிக்கட்டில் டொக்கென்று இடித்தது. துணி இடிக்குமா? தடவிப் பார்த்தாள். மடிப்புக்குள் வரிசையாக, கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

"அது என் ரயிலு பொட்டி" என்றாள் பக்கத்தில் நின்ற சங்கவி. வெண்ணிலாவின் அக்கா, ஐந்து வயது. "ஆறு பொட்டி. அம்மா எடுத்துக்கிச்சு. கேட்டா அடிக்குது."

கார்ச் சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக விளிம்பில் அடித்துவைக்கும் சின்ன இரும்புத் துண்டுகள். ஹைவேயில் தெறித்து விழுவதைப் பொறுக்கி வந்து சங்கவி ரயில் விடுவாள். அமலா கவுனைக் கழற்றி, குழந்தையை வெறும் உடம்போடு மறுபடியும் தூளியில் வைத்தாள். வெண்ணிலாவுக்கு வீறிடத் தெம்பில்லை, சிணுங்கினாள். முள் ஆறில் நின்றது.

"ஏன் அம்சா?"

அம்சவள்ளி கவுனை வாங்கிக்கொண்டாள். இருவரில் யாரோ விசும்பினார்கள். ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"பதினாலு நாளு ஆஸ்பத்திரில கெடக்கணும்னு சொல்லிட்ட. எம் புருசன் கரும்பு வெட்டப் போய்க்கீது. பொங்கலு கழிச்சுதான் வரும். இதுங்க ரெண்டையும் யாரு பாத்துக்குவா?" சங்கவியையும், அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூன்று வயதுச் சேரனையும் காட்டினாள். "ஒங்க ஏசு வந்து சோறாக்கிப் போடுவாரா?"

அமலாவுக்கு எத்தனையோ வசனங்கள் மனப்பாடம். அவற்றில் எதுவும் சோறாக்கிப் போடாது. இவள் தராசை ஏமாற்றியது இரண்டு பிள்ளைகளுக்காக. நான் நாடாவை நம்பாமல் விட்டது எதற்காக?

"நான் ஆக்கிப் போடுறேன்."

"நீயா? கேப்பக்களி கிண்டத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது. சொல்லிக்குடு."

"போச்சு, பதினாலு நாளும் இதுங்களுக்குக் கரிஞ்ச களிதான்." அம்சவள்ளி சிரிக்கவில்லை. குழந்தையை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்லிட்டேன்க்கா. ஜெபம் கிபம்னு எம் புள்ளைங்கள இட்டுக்கினு போவக்கூடாது. தெருவுல பேஜாராயிடும்."

"மாட்டேன்."

அங்கிருந்தே கடைக்கு போன் செய்தாள். "கிறிஸ்மஸ் யாவாரத்தப்போ லீவா? வந்தா வேலை, வராங்காட்டி வேற ஆளு" என்றார் முதலாளி. அடுத்து ஆயரிடம் பேசினாள். "பண்டிகைக்குக் கூட வரமாட்டியாம்மா? அந்தக் கொழந்தையப் பத்தி எல்லாரும் கேக்கறாங்களே" என்றார் அவர்.

"அது தப்பான சாட்சிங்க ஐயா. வந்து நானே எழுந்து சொல்றேன்."

அம்சவள்ளி வெண்ணிலாவோடு ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள் களி அடிப்பிடித்தது. சேரன் துப்பிவிட்டான். நாலாம் நாள்தான் கட்டி தட்டாமல் வந்தது. வாக்குக் கொடுத்தபடி வாயை மூடியே ஜெபித்தாள், துடுப்பைச் சுழற்றிக்கொண்டே. பண்டிகையன்று விடியலில் எங்கோ தூரத்து ஒலிபெருக்கியில் அவளுக்குத் தெரிந்த கீதம் கேட்டது. இன்னாக்கா அது என்று சங்கவி கேட்டாள். "பாட்டு" என்றாள் அமலா. அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

வெண்ணிலா ஆறு கிலோ எழுநூறோடு திரும்பினாள். இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். அவள் அப்பா பொங்கல் கழிந்து வந்தார், அடுத்த வருஷமும் கரும்புக்குப் போனார். அம்சவள்ளி மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போகிறாள். சேரனுக்கு இன்னமும் களி பிடிக்காது. அமலாவுக்கு ஜவுளிக்கடை வேலை போயிற்று, மருந்துக்கடையில் நிற்கிறாள். சபையில் எழுந்து உள்ளதைச் சொன்னாள். அன்று யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

வியாழக்கிழமைகளில் வருவது நிற்கவில்லை. முதல் குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால், தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆறு இரும்புத் துண்டுகளைத் தூளியில் போடுவாள். அவற்றை எண்ணிக் கொடுக்கிற சங்கவி, முள் ஆடி ஆடி முந்நூறில் அடங்கும்வரை, தன் ரயிலுக்காகக் கையை நீட்டியபடியே நிற்கிறாள்.