மணிக்கட்டு வழியே

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் பலசரக்குக் கடை நடத்தும் வீரய்யா, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்ததை அவர் மனைவி ஞானேஸ்வரி கோபம் என்றே நினைத்தாள். மகள் நிஷாந்தியை அவருக்கு விருப்பமில்லாமல் வேலைக்காகக் கொழும்புக்கு அனுப்பியதில் இருவருக்கும் மனஸ்தாபம். அவளும் ஒரு மாதம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு காலை, வலது கால் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் அவர் கடைவரை நடந்துபோனதைப் பார்த்ததும்தான் பயந்துபோனாள்.

கண்டி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையில் பழைய இரத்தம் தேங்கியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கித் தலை இடிபட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டில் துளையிட்டு இரத்தத்தை வடித்தார்கள். பேச்சு திரும்பியது. மூன்று வாரத்தில் மறுபடி நின்றது.

டாக்டர் சஞ்சீவனி யாழ்ப்பாணத்துக்காரி. படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார்.

"மூளையை மூடியிருக்கிற சவ்வுக்கு ஒரு சின்ன இரத்தநாடி போகுது அம்மா. அதாலதான் திரும்பத் திரும்பக் கசியுது. மணிக்கட்டுக்குள்ளால மெல்லிய குழாயை விட்டு அதை அடைச்சு விடலாம்."

"மூளைக்குப் போற ரத்தம் நின்னுறாதா டாக்டர்?"

"இல்லை, அது வேற நாடி. ஆனா ஆபத்தே இல்லையெண்டு சொல்லமாட்டன். சிலருக்குப் பார்வையில பாதிப்பு வரலாம். அதுக்காகத்தான் கண்ணுக்குப் போற கிளை இருக்கோ எண்டு முதல்ல படம் எடுத்துப் பாத்திட்டு அடைக்கிறது."

கையெழுத்துப் போட வீரய்யாவின் கை எழவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"நீ... சொல்லு."

அந்த இரண்டு சொல்லுக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்ததும் ஞானேஸ்வரி பேனாவைக் கையில் எடுத்தாள். "செஞ்சிருவோம்ங்க," என்றாள்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. மயக்கம் கொடுக்கவில்லை, மணிக்கட்டை மட்டும் மரக்க வைத்தார்கள். வெளியே வந்தவர், "மொகம்... ஒரு தடவ... சுட்டுச்சு," என்றார். படத்துக்காக ஏற்றிய மருந்தின் சூடு அது.

தேங்கிய இரத்தம் கரைய வாரக்கணக்காகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வீட்டில் ஞானேஸ்வரி ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் பழகினாள். ஐந்தாவது வாரம் அவரே பேச்சைத் தொடங்கினார்.

"எனக்குக் கோவம் இல்ல ஞானம். நிஷாந்தி போனது சரிதான்னு சொல்லத்தான் வந்தேன். வாய்க்கு வரல."

"நான் ஒரு மாசம் மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்தேனே..."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

மூன்றாம் மாத ஸ்கேனில் ஓரமாக ஒரு மெல்லிய கோடு மட்டுமே மிஞ்சியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வீரய்யா ஃபோனை எடுத்து, மகளுக்குத் தானே ஸ்கேன் விஷயத்தைச் சொன்னார். பேச்சு நீண்டது. இரண்டு கெலிஓயா பஸ்களை விட்டுவிட்டு, ஞானேஸ்வரி பக்கத்தில் நின்றிருந்தாள்.