பெரியப்பாவின் இருமல்

இளையவளின் தட்டையும் டம்ளரையும் குளியலறைப் பக்கம் தனியாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, தையல்காரி சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகுதான் குழந்தையைத் தூக்கினாள்.

அண்ணன் தம்பி இருவரும் கூட்டாக வாழும் வீடு அது. தம்பி வெளியூரில் கட்டட வேலை பார்த்தான். தையல்காரி மூத்த மருமகள், பிள்ளை இல்லாதவள். தம்பி மனைவி இளையவளின் இரண்டு வயது மகள்தான் வீட்டுக்கே செல்லம். எதையாவது இழுத்துக் கவிழ்த்துக்கொண்டே இருப்பதால் 'வாலு' என்பதே பெயராகிவிட்டது. இளையவளுக்குக் காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே, தையல்காரி வாலுவைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கெட்ட எண்ணம் இல்லை. அந்தக் குழந்தைமேல் உயிரையே வைத்திருந்தாள்.

"வீட்ல இருக்கிற எல்லாரையும் ஒரு தடவை வரச் சொல்றாங்கக்கா. குழந்தைக்குத் தடுப்பு மாத்திரை குடுப்பாங்களாம்," என்றாள் இளையவள், அறைக்கு வெளியே நின்றபடி.

"நல்லா இருக்கிறவங்கள எதுக்குடி வரிசையில நிக்க வைக்கணும்? நாலு பேரு பார்த்தா குடும்பமே சீக்குன்னு பேசுவாங்க. நீ உன் மாத்திரைய ஒழுங்கா முழுங்கு, போதும்."

தையல்காரியின் கணவன் லாரி டிரைவர். மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்தான். கேட்டால், "டிரைவருக்கு இருமலும் ஒரு ஹார்ன்தான், வண்டியோட வந்தது" என்று சிரிப்பான். துணியில் தூசி படியும் என்று தையல் அறை ஜன்னல்களை யாரும் திறப்பதில்லை. ஓட்டம் இல்லாத நாட்களில் அங்கேதான் வாலு பெரியப்பாவின் மடியில் குதிரை ஏறுவாள். அவன் இருமினால் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு பொய்யாக இருமிக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

சில வாரங்கள் மருந்து சாப்பிட்டபின் டாக்டர் இளையவளின் சளியை மறுபடி சோதித்துப் பார்த்தார். இனி அவளால் பரவாது, குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம் என்றார். அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். தையல்காரி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர் ஆயிரம் சொல்வாரு. நமக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு. முழுசா குணமாகட்டும்டி."

இளையவள் திரும்பிப் போனாள்.

கொஞ்ச நாளில் வாலுவுக்குக் காய்ச்சல் வந்தது. பல் முளைக்கிற காய்ச்சல் என்று விட்டுவிட்டார்கள். பிறகு வாந்தி. ஒருநாள் காலையில் எழுப்பும்போது குழந்தைக்குக் கண் சொருகியது. ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார்கள். காசநோய் மூளைவரை போய்விட்டது என்றார் டாக்டர். டிரைவரின் சளியையும் சோதித்தார்கள். அதிலும் கிருமி இருந்தது.

"குழந்தைக்கு யார்கிட்டேருந்து வந்ததுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர். "ஆனா இவர் ரொம்ப நாளா இருமுறார். குழந்தையோட அம்மாவுக்கே இவர்கிட்டேருந்து வந்திருக்கலாம். தட்டுலயும் துணியிலயும் இது ஒட்டாது. இருமும்போது காத்துல கலந்து வரும். மூடின ரூம்ல அந்தக் காத்து எங்க போகும்? அன்னிக்கே எல்லாரும் வந்திருந்தா..."

டிரைவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

வாலு பிழைக்கவில்லை. துணி சுற்றி வெளியே கொண்டுவந்தபோதும் இளையவள் எட்டியே நின்றாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

"இப்பவாவது தூக்கலாமாக்கா?" என்று கேட்டாள்.

தையல்காரி குழந்தையை அவள் கையில் வைத்துவிட்டு, அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி மெல்லக் காதைக் கடித்தாள். "பெத்தவ சீக்குதான் புள்ளைய கொண்டுபோயிருச்சு. நீயும் தட்டெல்லாம் தனியாத்தானே வச்சே?"

தையல்காரி நிமிர்ந்தாள். கூடியிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"தட்டை ஒதுக்கினேன். இருமுறவரு மடியில புள்ளைய உக்கார வச்சுச் சிரிச்சேன். நாலு பேரு என்ன சொல்லுவாங்களோன்னு பயந்தேன் பாரு, அந்தப் பயத்துக்குத்தான் எங்க வாலுவ பலி குடுத்தோம். உன் வீட்லயும் ஒருத்தர் இருமிட்டேதான் இருக்காரு. ரெண்டு வாரம் தாண்டி யாரு இருமினாலும் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் பண்ணு. ஜன்னலத் திறந்து வை. மருந்து சாப்பிடுறவள ஒதுக்காத. டாக்டர் சரின்னு சொன்னா, அவ புள்ளைய அவகிட்ட குடு."