ஏலக்காய் வாங்கிய விதி

எப்சிபா துறைத்தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த வாரத்தில், அரசு ஊழியர் நடத்தை விதிகளில் முதலாவது விதி, போடியில் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. வெள்ளைச் சட்டை, எண்ணெய் தேய்த்து வாரிய தலை, ஐம்பது வயது மதிக்கலாம். மறுநாள் இரண்டாவது விதி வந்தார். எத்தனை தடவை படித்தும் மண்டையில் ஏறாத விதிகள், எதிரே உட்காரவைத்து, "நீங்க எதுக்கு வந்தீக? நீங்க இல்லேன்னா என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டால் நிதானமாகப் பதில் சொன்னார்கள். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டது அவளுக்கு மறக்கவே இல்லை. ஏன் என்று கேட்காமல் அனுப்பிவைத்தவர்கள் சாயங்காலத்துக்குள் மறந்துபோனார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவள். இந்தத் தடவையும் கோட்டை விட்டால், அவளிடம் வேலை கற்றுக்கொண்ட அஜய்குமார் அவளுக்கு மேலே சூப்பிரண்டாக வந்துவிடுவான்.

அவள் கணவர் ஜாஸ்பர் ஏலக்காய் வியாபாரி. வீட்டுக்கு முன்பக்கமே கடை. வருகிறவர்கள் யார் என்று எப்சிபா ஒளிக்கவில்லை, அவர்தான் நம்பவில்லை. எதுவும் வாங்காமல், விலையும் கேட்காமல், சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிற ஆளை போடி கடைவீதி ஒரே பெயரில்தான் அறியும்: வரி ஆபீஸர். பில் இல்லாமல் மதுரைக்குப் போன சரக்கு ஜாஸ்பருக்கு ஞாபகம் வந்தது. அது தெரிந்த இன்னொரு ஆள் எப்சிபா மட்டும்தான். கட்டிய மனைவியே காட்டிக்கொடுக்கிறாளோ என்று தோன்றிய நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கைப்பையைத் துழாவினார், அவள் போன் பேசினால் குழாயை அடைத்துவிட்டு ஒட்டுக்கேட்டார். பக்கத்துக் கடைக்காரர்களும் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்தே வியாபாரம் பார்த்தார்கள்.

தேர்வுக்கு முந்தின வாரம், எப்சிபா ஆபீஸ் போயிருந்த நேரத்தில் ஒருவர் குடையோடு வந்து உட்கார்ந்தார். ஜாஸ்பருக்குப் பொறுக்கவில்லை. ஆபீஸர்களை வழியனுப்புகிற முறைப்படி, முதல்தரப் பச்சை ஏலக்காயைப் பொட்டலம் கட்டி, "வீட்ல அம்மாவுக்குக் குடுங்க சார்" என்று மடியில் வைத்தார். வந்தவர் பேயறைந்த மாதிரி பார்த்தார். அவருக்கு அதுவரை யாரும் எதுவும் கொடுத்ததில்லை. மறுக்கத் தெரியாமல் எழுந்து போய்விட்டார். அவர், அன்பளிப்பு வாங்கக் கூடாது என்கிற விதி.

அன்று ராத்திரி எப்சிபா அந்த விதியின் பக்கத்தைப் படித்தபோது, அடுத்த வரிக்குப் போவதற்குள் முந்தின வரி கழன்று விழுந்தது. அழுதுவிட்டாள். நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவுக இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த வீட்டுக்கு வருவாக? போயி திருப்பி வாங்குங்க!"

இதுவும் ஏதோ பொறி என்றுதான் ஜாஸ்பர் நினைத்தார். ஆனாலும் அவள் அழுகை அவரைப் பிடித்துத் தள்ளியது. பஸ் ஸ்டாண்டில் அந்த ஆள் தேனி பஸ்ஸிலும் ஏறாமல் மூணாறு பஸ்ஸிலும் ஏறாமல் உட்கார்ந்திருந்தார். ஆபீஸரிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட வியாபாரி கடைவீதியில் அதுவரை கிடையாது. ஜாஸ்பர் கையை நீட்டினார்.

"தப்பா நெனைக்காதீக. அத இங்கன குடுத்துருங்க."

அவர் உடனே கொடுத்துவிட்டார். ஜாஸ்பர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டிய கட்டு கட்டியபடியே இருந்தது. பிரித்துக்கூடப் பார்க்காத ஆபீஸர் இந்த உலகத்தில் இருக்க முடியாது. அப்போதுதான் எப்சிபா சொன்னதை ஜாஸ்பர் நம்பினார்.

"நீங்க எதுக்குத்தான் இருக்கீக?"

"என்னப் பாத்துப் பயந்து குடுத்தீகள்ல, அதுக்குத்தான்."

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். எப்சிபா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தேர்விலும் தேறினாள், சூப்பிரண்டும் ஆனாள்.

பதவியேற்ற அன்று காலையில் ஜாஸ்பர் அவள் முன்னால் வந்து நின்றார். "எப்சிபா, ஒன்னையத்தான் நான் சந்தேகப்பட்டேன்" என்றார். கூனிக்குறுகி, அவள் கேள்விக்குக் காத்திருந்தார். எப்சிபா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் அது அவளுக்கு மறந்துபோயிற்று.