ஆட்டின் ராணி என் கைப்பையில் இருக்கிறாள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், மேஜிக் காட்சி ஒன்றில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தபோது என் கைப்பைக்குள் கிடைத்தது. இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவர் என் வீட்டுக்காரர். கையில் சிவப்புப் பேனாவோடு படிப்பார். இதை மட்டும் அவர் படிக்கக் கூடாது. அவர் வேலைக்குப் போன பிறகு சாப்பாட்டு மேஜையில் எழுதுகிறேன். திரும்பி வருவதற்குள் மறைத்துவிடுகிறேன். இந்த வயதில் காதல் கடிதம் ஒளித்து வைப்பது போல இருக்கிறது. [நல்லவேளை, காதலித்த காலத்தில் இவரிடமிருந்து எதையும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. கடிதங்கள் இவருக்குத்தான்.]

2

தொடக்கம் சரியாக வரவில்லை. மூன்று எழுதி மூன்றையும் கைவிட்டேன். என்னதான் இருக்கிறது என்று நீங்களும் பாருங்கள்.

“மனிதன் ஏன் ஏமாற விரும்புகிறான்? ஆதிகாலம் தொட்டே—” [கட்டுரைப் போட்டிக்கு எழுதியது போல இருக்கிறது. ஆதிகாலத்தில் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?]

“திரை விலகியது. கருப்புக் கோட்டு போட்ட அந்தப் பெண்மணி வெறுங்கையை விரித்துக் காட்டினார். மறுகணம் அவர் கையில்—” [மறுகணம் அவர் கையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப் மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

“என் கணவர் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.” [இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. ஒன்று சொல்லியிருக்கிறார். அதுதான் கதையே.]

3

பாத்திரத்தை அறிமுகப்படுத்த வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி. கிடங்கு எரிந்துபோய்விட்டது, இழப்பீடு கொடுங்கள் என்று யாராவது கேட்டால், அது எரிந்ததா எரித்ததா என்று பார்க்க இவரைத்தான் அனுப்புவார்கள். போய்ச் சாம்பலைக் கிளறுவார். முதலாளி அழுதுகொண்டே பேசினால், எந்தக் கண்ணில் முதலில் தண்ணீர் வந்தது என்று கவனிப்பார். என் கதைகளையும் அப்படித்தான் படிப்பார். நாயகி ரயிலைத் தவறவிட்டாள் என்று எழுதினால், ஓரத்தில் “ஆதாரம்?” என்று சிவப்பில் இருக்கும்.

பகல் முழுக்க ஒருவரையும் நம்பாத இதே மனிதர்தான், எங்காவது மேஜிக் காட்சி என்று தெரிந்தால் துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஏமாறப் புறப்படுகிறார். சின்ன வயதிலிருந்தே இப்படித்தானாம். பெட்டியில் படுத்த பெண்ணை ரம்பத்தால் அறுக்கும்போது, எத்தனையோ தடவை பார்த்திருந்தும், “ஐயையோ” என்று என் கையைப் பிடிப்பார். புறா வந்தால் குழந்தைகளுக்கு முன்னால் கைதட்டுவார். எப்படிச் செய்கிறார்கள் என்று மட்டும் அவரிடம் பேசக் கூடாது. கல்யாணமான புதிதில், “கோட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காங்க” என்று நான் காதில் சொல்ல, எழுந்து போய் வேறு வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நானும் திருந்தவில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். இன்றைக்கும் காட்சி முழுக்க அவர் காதில் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் அந்தக் காதைப் பொத்திக்கொள்ளப் பழகிவிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. மேடைக்கு அழைக்கப்பட வேண்டும். “உங்களில் யாராவது ஒருத்தர்” என்று மேடையிலிருந்து குரல் வந்தால் போதும், பாதி எழுந்துவிடுவார். யாரும் கூப்பிட்டதில்லை. பக்கத்து இருக்கையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பவரைத்தான் கூப்பிடுவார்கள். இவர் மெல்ல உட்கார்ந்து, அந்த ஆளுக்காகவும் கைதட்டுவார்.

* இங்கே ஓர் அடிக்குறிப்பு. என் கதைகளில் வரும் கணவன்மார் நம்பும்படியாக இல்லை என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் முன்பு சொல்லியிருக்கிறார். அவரை ஒருநாள் சாப்பிட அழைத்திருந்தோம். வீட்டுக்காரரோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் புகார் வரவில்லை.

4

அவருடைய பிறந்தநாள் வந்தது. சட்டை வாங்கினால் தோள் இறங்குகிறது என்பார். புத்தகம் வாங்கினால் உன்னுடையதையே இன்னும் முடிக்கவில்லை என்பார். யோசித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அவருக்குத் தெரியாமல், அந்த வாரம் மேஜிக் காட்சி நடக்கவிருந்த அரங்கத்துக்குப் போனேன்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மேஜிக் செய்யும் அந்தப் பெண்மணி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கலர் கலராகக் கைக்குட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கூண்டில் இரண்டு புறாக்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ரசிகரா என்று இழுத்தார். ரசிகர்களைத் தாங்கள் மேடைக்குக் கூப்பிடுவதே இல்லை என்றார். கெடுத்துவிடுவார்களா என்று கேட்டேன்.

“கெடுக்க வர மாட்டாங்கம்மா. உதவி பண்ண வருவாங்க. அதுதான் ஆபத்து.”

இவருக்குப் பொய்யே வராது, பொய்யைப் பிடிப்பதுதான் இவர் வேலையே என்று உத்தரவாதம் கொடுத்தேன். அரைமனதாகச் சம்மதித்தார்.

திட்டம் இதுதான். இவர் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, தான் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பச் செருக வேண்டும். அந்தம்மா கலைத்து, வேண்டுமென்றே தவறான சீட்டை எடுத்து “இதுதானே?” என்பார். இவர் இல்லை என்பார். அந்தம்மா தடுமாறுவார், வியர்ப்பார், சீட்டுகளைக் கீழே போடுவார். அரங்கமே ஐயோ பாவம் என்று ஆகும்போது, “சார்கூட யாராவது வந்திருக்கீங்களா?” என்று கேட்பார். நான் எழுந்து, கைப்பையிலிருந்து என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறக்க வேண்டும். உள்ளே இவருடைய சீட்டு இருக்கும்.

அங்கேயே என் கண்ணாடிக்கூட்டை வாங்கி, எனக்குக் காட்டாமல் ஒரு சீட்டை உள்ளே வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டிக் கொடுத்தார். சனிக்கிழமை வரைக்கும் திறக்கக் கூடாது. அந்த வாரம் முழுக்க என் கண்ணாடியை ஒரு காலுறைக்குள் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்காரர் கேட்டதற்குக் கூடு உடைந்துவிட்டது என்றேன். கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்குள் அவர் விசாரணை அதிகாரி இல்லை.

5

கூப்பிட்டார்கள். விரல் நீளும் முன்பே எழுந்துவிட்டார். என் காலை மிதித்தார், பக்கத்து அம்மாளின் காலையும் மிதித்தார், மேடைக்குப் போய்ச் சேர்ந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த மனிதருக்கு இதை முன்பே செய்திருக்கலாமே என்று இருந்தது.

சீட்டை எடுத்தார். பார்த்தார். நெஞ்சோடு வைத்துக்கொண்டார். திரும்பச் செருகினார். அந்தம்மா கலைத்து ஒன்றை உருவினார். இஸ்பேட் ஏழு.

“இதுதானே சார் உங்க சீட்டு?”

இவர் சீட்டைப் பார்த்தார். பிறகு அந்தம்மாவைப் பார்த்தார். அந்தம்மா நல்ல நடிகை. கை லேசாக நடுங்கியது. நெற்றியில் நிஜமாகவே வியர்வை மின்னியது. நான் கைப்பைக்குள் கையை விட்டுத் தயாராக இருந்தேன்.

[இந்த இடத்தில் பாத்திரத்தின் மீது எனக்கே சந்தேகம் வருகிறது. மேஜிக்காரர்கள் வேண்டுமென்றே தப்புப் பண்ணுவார்கள், அப்புறம்தான் விஷயமே என்று எனக்கு எத்தனையோ முறை விளக்கியவர் அவர். ஆனால் அதெல்லாம் மூன்றாவது வரிசையிலிருந்து. கை நீட்டினால் தொடும் தூரத்தில், நிறைந்த அரங்கத்துக்கு முன்னால் மானம் போகப்போகிற ஒரு பெண்மணியை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை.]

“ஆமாம்மா. இதேதான்” என்றார் மைக்கில்.

கைதட்டினார்கள், சின்ன வித்தைக்குத் தட்டுகிற அளவுக்கு. அந்தம்மாவின் கண் ஒரு நொடி என்னைத் தேடி வந்தது. நான் எழுந்தால் இவர் பொய் சொன்னது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பையிலிருந்து கையை வெளியே எடுத்தேன். அந்தம்மா தலை வணங்கி, இவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, புறாக்களைக் கொண்டுவரச் சொன்னார்.

6

பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனதும் என் காதருகே குனிந்தார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதே. அந்தம்மா தப்பான சீட்டை எடுத்துட்டாங்க. என்னுது ஆட்டின் ராணி. பாவம், கையெல்லாம் நடுங்கிச்சு. நான்தான் சமாளிச்சு விட்டேன்.”

பதவி உயர்வு வந்தபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு பெருமை இருந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டேப்பை வெட்டினேன். ஆட்டின் ராணிதான்.

இதோடு முடிந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அடுத்த வாரம் வேறொரு குழு வந்தது. இவர் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து செருப்பு அலமாரியை ஒழுங்கு செய்தார். அதற்கடுத்த வாரம் பாத்திர அலமாரி. ஏன் என்று கேட்டேன். மேடையைப் பார்த்தாலே தப்புப் பண்ணிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறதாம். அதுவும் அந்தம்மாவின் காட்சிக்கு இனிமேல் போகவே முடியாதாம்.

“என்னைப் பார்த்தா அவங்களுக்குக் கூச்சமா இருக்காதா? வேணாம், விடு.”

இதுதான் என் பிரச்சினை. சொன்னால், அவர் வாழ்க்கையில் செய்த ஒரே வீரச்செயல் போய்விடும். சொல்லாவிட்டால், சின்ன வயதிலிருந்து அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் போய்விடும். இரண்டையும் அவருக்குக் காப்பாற்றிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

7

முடிவுகள்.

அ) சொல்லாமல் இருந்துவிடுவது. வீட்டில் இருக்கிற அலமாரியெல்லாம் ஒழுங்காகிவிடும். இந்தக் கதையை அச்சிட முடியாது.

ஆ) சொல்லிவிடுவது. அவர் இடிந்துபோய் உட்கார்ந்து, அந்தம்மாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவார். “மேற்படி நிகழ்ச்சியில் நான் அளித்த தவறான வாக்குமூலத்தின் காரணமாக—” [வேண்டாம்.]

இ) ஆளை மாற்றுவது. கணவரைப் பக்கத்து வீட்டுக்காரராக்கி, மீசை வைத்து, வங்கி வேலை கொடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே வங்கிக்காரர் குனிந்து சாம்பலைக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

ஈ) அப்போது வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், கருப்புக் கோட்டோடு— [எனக்கு வழி தெரியாதபோதெல்லாம் என் கதைகளில் யாராவது மணி அடிப்பார்கள். வாசகர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதியே விட்டார்கள்.]

8

வேறு முடிவு தோன்றவில்லை. எழுதிய வரைக்கும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். மேஜிக் பற்றியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

நான் சமையலறைத் தொட்டிக்குப் போய், கழுவிய பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன். பின்னால் பேனா கீறும் சத்தம் கேட்டது. மூன்றாம் பகுதியில், நான் எப்போது ஐயையோ என்றேன், ஆதாரம் எங்கே என்று அவருடைய முணுமுணுப்பு. நான்காம் பகுதியில் பேனா நின்றுவிட்டது. அப்புறம் காகிதம் புரளும் சத்தம் மட்டும். ஆறாம் பகுதியை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

“அப்போ அந்தம்மா தப்பே பண்ணலையா?”

“இல்லைங்க.”

“நான்தான் கெடுத்தேனா?”

“ஆமாங்க.”

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. குழாயை மூடினேன்.

“அப்பாடா” என்றார்.

திரும்பினேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தம்மா என்னமா நடித்தார், அந்தக் கை நடுக்கம் எப்படி இருந்தது, இத்தனை வருஷ சர்வீஸில் என்னை யாரும் இப்படி ஏமாற்றியதில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீரச்செயல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தான் முட்டாளானது அவருக்குப் பெரிதே இல்லை. அந்தம்மா தப்புப் பண்ணவில்லை என்பதுதான் பெரிது. அடுத்த காட்சி என்றைக்கு என்று கேட்டார். நான் அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

கைப்பையைக் கொண்டுவந்து கண்ணாடிக்கூட்டிலிருந்து சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கடைசி நொடியில் மனசு மாறி, முதலில் தொட்ட சீட்டை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன், அதுதான் இது என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரகசியத்தைக் காப்பாற்றும் பரபரப்பில் இத்தனை நாளும் இதை யோசிக்கவே இல்லை. கூட்டுக்கு டேப் ஒட்டியது செவ்வாய்க்கிழமை. இவர் சீட்டு எடுத்தது சனிக்கிழமை.

“எப்படிங்க?” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவர் காதில் முணுமுணுத்தவள் நான்.

“எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?”

[இந்த இடத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறேன். எப்படி என்று தெரிந்தவர்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம்.]

அவர் வாயைத் திறந்தார். ஈரக் கையால் பொத்திவிட்டேன்.