மேனகாவின் வட்ட முகம்

மேனகாவின் முகம் வட்டமாகிக்கொண்டே வந்ததில் எனக்குத்தான் பெருமை அதிகம். எங்கள் மலையூர் வெள்ளக்கடையில் என் ஜீப்பில் யார் ஏறினாலும் இதே பேச்சுதான். "பெரியண்ணன் பொண்டாட்டியை நல்லாக் கவனிக்கறான், கன்னத்தைப் பாரு." நானும் மீசையைத் தடவிக்கொண்டு கியர் போடுவேன். அவள் கைகால் மட்டும் மெலிந்து வந்ததையும், காப்பிச் செடியின் கிளை உரசினாலே தோல் கன்றிப்போனதையும் யார் கண்டது?

இடுப்பு வலி என்று சேலத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். டாக்டர் இளவரசி படத்தைக் காட்டினார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்ததுபோல அட்ரினல் என்று ஒரு சுரப்பியாம். அதில் கட்டி. புற்றுநோய் மாதிரிதான் தெரிகிறது, அறுத்து எடுக்க வேண்டும் என்றார். மேனகா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான். ஆனால் என் சுபாவம் அப்படி, பயம் வந்தால் கேள்வியும் கூடவே வரும்.

"சுரப்பின்னா எதையோ சுரக்குமில்லீங்களா? அந்தக் கட்டியும் சுரக்குமுங்களா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சிலது சுரக்கும், சிலது சும்மா இருக்கும். கார்டிசால்னு ஒரு ஹார்மோன். அதை அதிகமாச் சுரக்கற கட்டின்னா கொஞ்சம் கஷ்டம். ஆபரேஷன் புண் சீக்கிரம் ஆறாது, கிருமி தொத்தும். அந்த மாதிரி நோயாளிங்க உயிரோட இருக்கற காலமும் பொதுவாக் குறைவுதான்."

"அது ஏனுங்க?"

"உடம்போட எதிர்ப்புச் சக்தியை அது அமுக்குதுன்னு நினைக்கறோம். முழுசா இன்னும் தெரியலை." மேனகாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "இந்த வட்ட முகத்தைப் பார்த்தா சுரக்கற கட்டி மாதிரிதான் இருக்கு. ரத்தம் பார்த்துடலாம்."

நான் பெருமைப்பட்ட அதே கன்னம். அன்றைக்கு முழுக்க அதை ஏறிட்டுப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டருக்கே ஆச்சரியம். கார்டிசால் கூடுதலாக இல்லை, இருக்க வேண்டிய அளவுகூட இல்லையாம். "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்று மேனகா அடித்துச் சொன்னாள்.

வெளியே வந்தோம். படி இறங்கும்போது அவளுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

"ஏம்புள்ள, அது என்ன?"

"செட்டுங்க."

எங்கள் பக்கம் காப்பிப் பழம் பறிக்கப் போகிற பெண்கள் எல்லோருக்கும் பழக்கமானதுதான். மருந்துக்கடையில் கால்வலி என்று சொன்னால் நாலைந்து மாத்திரையைச் சேர்த்து மடித்துக் கொடுப்பார்கள். அதுதான் செட்டு. டீ குடிப்பது மாதிரி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

"மருந்தே சாப்பிடலைன்னு சொன்னியே!"

"இது மருந்துங்களா? கால்வலிக்குப் போடறதுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பொட்டலத்தைப் பிடுங்கினேன், அவள் கையையும் பிடித்துக்கொண்டு மறுபடி டாக்டர் அறைக்கே போனேன். ஒவ்வொரு மாத்திரையாகப் பார்த்த டாக்டர், ஒன்றை மட்டும் தனியே ஒதுக்கினார்.

"ஸ்டீராய்டு. கார்டிசால் மாதிரியே வேலை செய்யற மருந்து. முகம் உருண்டது இதனாலதான். வெளியே இருந்து கிடைச்சதும் உடம்பு தானாச் சுரக்கறதைக் குறைச்சிடுச்சு. கட்டி கார்டிசால் சுரக்கலை. மத்த ஹார்மோன்களும் சரியா இருக்கு."

"அப்ப இவ பொழைச்சுக்குவாளுங்களா?"

"வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா பயப்பட வேண்டிய காரணத்துல ஒண்ணு குறைஞ்சுது."

பொட்டலத்தைக் குப்பைக்கூடையில் வீசக் கையை ஓங்கினேன். டாக்டர் தடுத்துவிட்டார். "திடீர்னு நிறுத்தினா அதுவே ஆளைச் சாய்ச்சிடும். நான் சொல்ற மாதிரி மெதுவாக் குறைக்கணும்." கோபத்தில் என் பொண்டாட்டியை நானே கொன்றிருப்பேன். பொட்டலத்தை மடித்து மேசைமேல் வைத்தேன்.

கட்டியை எடுத்தார்கள். மாத்திரை மெல்ல மெல்லக் குறைந்தது, முகத்தின் வட்டமும் குறைந்தது. இதுவரை எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். கூட்டத்தில் பக்கத்து ஊர்ச் சாந்தியக்கா அவளைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டது. "ஏனுங்க பெரியண்ணா, இப்படி நொம்ப எளச்சுப்போச்சு? ஊட்டுல கவனிக்கறதில்லீங்களா?"

மேனகா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தீரவில்லை.

"கவனிச்சுக் கவனிச்சுத்தானுங்க இப்படி எளைக்க வெச்சிருக்கேன்" என்றேன்.