கம்பெனிக்குப் போட்ட நாற்காலி

"உட்காரேன் அக்கா" என்று வக்கீல் எத்தனை முறை சொல்லியும் அக்கா வாசற்படியை விட்டு நகரவில்லை.

"உக்கார வரலடி. உங்க அத்தான் தூங்கி விழுந்து பஸ்ஸ நடைபாதைல ஏத்திட்டாரு. எங்க தெருத் தையல்காரி பையனுக்கு ஒரு கால் போச்சு. போலீஸ்ல கேஸ் போட்டுட்டாங்க."

வக்கீல் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தாள். அந்தத் தெருவின் பின்னால் கம்ப்யூட்டர்களை அடுக்கிவைத்த கட்டடம் வந்ததிலிருந்து, அவற்றைக் குளிரவைக்கும் ராட்சத விசிறிகள் இராப்பகலாக உறுமின. ஒருவருக்கும் தூக்கமில்லை. தெருவே திரண்டு வழக்குப் போட்டபோது அந்தக் கட்டடத்துக் கம்பெனிக்காக வாதாடியவள் இவள்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் சத்தம் என்றால் மேளம், மணி, வெடி. விசிறி இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தாள். விசிறி இரைச்சல் கேட்காத அதே சட்டத்துக்கு அத்தானின் கொட்டாவி மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டது!

"நான் வாதாடுறேன் அக்கா. அத்தானக் காப்பாத்திடுறேன்."

"நீ ஜெயிச்சதெல்லாம் போதும். சாயங்காலம் தெருவுக்கு வா. எல்லாரும் உக்காந்து அவங்கவங்க பங்கச் சொல்லணும்னு தையல்காரி கூப்பிடுறா."

தெரு நடுவில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கூண்டு இல்லை, மேடை இல்லை.

"தூங்கினது நான்தாம்மா" என்றார் அத்தான், தலை நிமிராமல். "பையன் புதுக் கால் வச்சு நடக்குற வரைக்கும் நான்தான் தூக்கிட்டுப் போவேன்."

"உங்க பங்கச் சொல்லிட்டீங்க. மத்தவங்க பங்கு?" தையல்காரி வக்கீலைப் பார்த்தாள்.

வக்கீலுக்குச் சட்டப் பிரிவு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கோர்ட்டில் இதே தையல்காரியை, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று அடக்கியது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

"அக்கா வீட்டுல ஒரு மத்தியானம் படுத்துப் பாத்தேன். கண்ண மூட முடியல. தெரிஞ்சேதான் கோர்ட்டுல அப்படிப் பேசினேன். தப்புதான்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. எதிரில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

"அது யாருக்கு?"

"கம்பெனிக்கு" என்றாள் அக்கா. "ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். மொதலாளி கடல் தாண்டி இருக்காராம். சட்டப்படி வரவேண்டியதில்லையாம்."

"கோர்ட்டுல அவங்களுக்காகப் பேசினது யாரு?" என்று கேட்டாள் தையல்காரி.

வக்கீல் எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "அன்னிக்குச் சொல்ல விடாததச் சொல்லுங்க."

தையல்காரி ஆரம்பித்தாள். விசிறிகளின் உறுமலில் அவள் குரல் அமுங்கியது. வக்கீல் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.